மருத்துவ நிலையங்களைக் காப்பது நம் கடமை

(வத்தல்மலையில் நடைபெற்ற இளைஞர் முகாமில் நம் கழகத்தின் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)

 

வெள்ளி விழா ஆண்டின் இம்முகாமை அடிவாரத்தில் வைக்காமல் மலைமேல் வைத்தது ஏன் என்று நம் உறுப்பினர் சிலர் வினவினர். அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. இரவில் குளிர் வேறு. அவர்கள் மனக்குறை நியாயமானதே. எனினும் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளை அடிவாரத்தில் உட்கார்ந்து பேசினால் அது பாதிதான் விளங்கும். மழை, வெள்ளம், நிலச்சரிவு, தீ போன்ற இடர்கள் வரும்போது மருத்துவ நிலையங்கள் நிலைகுலையாமல் காப்பது எப்படி என்பதே அப்பொருள்.

தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கடல்மட்டத்திற்கு 3,000 அடிக்கு மேல் இருக்கிறது இம்மலை. இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்தீர்கள். உங்களில் பலர் வண்டியில் உறங்கிவிட்டமையால் அவற்றை எண்ணியிருக்க மாட்டீர்கள். பெரியூர், பால்சிலம்பு, சின்னங்காடு முதலிய சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். (மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வழங்கும் பெயர் அது, கேரள நாட்டாரோடு குழப்பிக்கொள்ள வேண்டா.) சாமையும் கடுகும் விளைவித்தவர்கள் இன்று காப்பியும் மிளகும் பயிரிடுகின்றனர். வண்டி ஓடும் சாலை இங்கு வந்தது நம் காலத்தில்தான். அதற்கு முன்னர் உப்பு வாங்கவும் நடக்க வேண்டும். பிள்ளைப்பேற்றுக்கும் நடக்க வேண்டும். நடக்க இயலாதவரைத் தூளி கட்டித் தூக்கிச் செல்வார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதத்து இரவு. மூன்று நாள் ஓயாத மழை. நம் கழகத்து இளைஞர்கள் நால்வர், இரவுப் பள்ளிக்கான புத்தகங்களைக் கொடுத்துவிட்டுத் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கிவிட்டனர். நள்ளிரவில் ஒரு வீட்டில் பெண்ணொருத்திக்கு இடுப்புவலி கண்டது, தலைச்சன் பிள்ளை. தொலைபேசியில் அழைத்தார்கள், ஊர்தியும் வந்தது. ஆனால் பாதி மலைக்கு மேல் வர முடியவில்லை. ஒரு வளைவில் மண் சரிந்து, மரம் ஒன்று குறுக்கே விழுந்து கிடந்தது. ஊர்தி கீழே நிற்கிறது. பெண் மேலே துடிக்கிறாள். இடையே நான்கு கிலோமீட்டர் இருட்டு.

நம் இளைஞர்கள் பட்டம் பெற்றவர்கள், துணிச்சலுக்கும் குறைவில்லை. ஒரு மூங்கிலும் கம்பளியும் எடுத்து வந்து கட்டத் தொடங்கினர். அப்போது அங்கிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, ஈரக் கம்பளி நழுவும். முடிச்சை மூங்கிலுக்கு மேலே கொண்டுவந்து போடு. தலைப்பக்கம் உயரமாக இருக்கட்டும், இறக்கத்தில் கால்தான் முன்னே போக வேண்டும்" என்று சொல்லி, கட்டியதை அவிழ்த்துத் தாமே மறுபடி கட்டினார். முன்னால் ஒருவர் விளக்குடன் செல்ல, இருவர் தூக்க, தோள் மாற்ற நால்வர் உடன்வர, மகப்பேறு பார்த்துப் பழகிய மூதாட்டி ஒருத்தி தூளியின் பக்கத்திலேயே நடந்தாள். மூன்று மணி நேரம் ஆயிற்று. தாயும் சேயும் பிழைத்தார்கள். அச்சிறுவன் இப்போது பள்ளி செல்கிறான்.

அந்த மூன்று மணி நேரத்தில் நகரத்து மருத்துவமனைக்கு எந்தக் கேடும் நேரவில்லை என்பதை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும். அங்கே விளக்கு எரிந்தது, மருத்துவர் விழித்திருந்தார், அறுவை அறை ஆயத்தமாக இருந்தது. ஆனால் தூளியில் கிடந்த பெண்ணுக்கு அவ்வளவு நேரமும் மருத்துவமனை என்று ஒன்று இல்லை. மருத்துவமனையைக் காப்பது என்று நாம் சொல்லும்போது, கூரையையும் சுவரையும் மட்டும் எண்ணிவிட்டால் இப்பெண்ணைப் போன்றவர்களை விட்டுவிடுகிறோம். சாலை, பாலம், மின்சாரம், தண்ணீர், மருந்து, ஊர்தி, இவற்றைக் கையாளும் ஆட்கள் எல்லாம் சேர்ந்ததே மருத்துவ நிலையம். இவற்றுள் எது அறுந்தாலும், முதலில் துயருறுவோர் கோடியில் வாழ்வோர். மலைமேல் வாழும் இம்மக்களும், சமவெளியில் ஏரிக்கடைக்கும் ஓடைக்கரைக்கும் ஒதுக்கப்பட்ட காலனிகளில் வாழும் நாமும் இதில் ஒரே நிலையில் இருக்கிறோம்.

அரசு வகுத்த அளவின்படி சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம். மலைப் பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்பச் சுகாதார நிலையம் சமவெளியில் 30,000 பேருக்கு; மலையில் 20,000 பேருக்கு. மலைக்குச் சலுகை காட்டியிருப்பது நன்றே. ஆயினும் அக்கணக்கு தலைகளை எண்ணுகிறதே அன்றி, ஆண்டில் எத்தனை நாள் பாதை அடைபடுகிறது என்பதை எண்ணுவதில்லை. அதை எண்ணிச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

2024 சூலை 30 அன்று கேரள மாநிலம் வயநாட்டில் சூரல்மலை, முண்டக்கை ஊர்களை நிலச்சரிவு அழித்ததை அறிவீர்கள். சூரல்மலைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டமையால் முண்டக்கைப் பக்கம் காயமுற்றுக் கிடந்தோரிடம் மருத்துவம் சென்று சேர வழியில்லை. அப்போது நம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூரைச் சேர்ந்த செவிலியர் சபீனா, பெருகி ஓடிய ஆற்றின் மேல் கட்டிய கயிற்றில் தொங்கியவாறு மருந்துப் பெட்டியுடன் அக்கரை சேர்ந்து, முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு முதலுதவி செய்தார். அவ்வாண்டு விடுதலை நாளில் தமிழக அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கிச் சிறப்பித்தது. இராணுவத்தார் இரவு பகலாக உழைத்து 190 அடி நீளப் பெய்லி பாலத்தை ஆகஸ்டு முதல் நாள் முடித்தனர். அச்செவிலியரின் துணிவைப் போற்றுவோம். எனினும் ஒரு பெண் கயிற்றில் தொங்கித்தான் மருந்து கொண்டுசெல்ல வேண்டும் என்ற நிலை ஏன் வந்தது என்றும் கேட்போம். மலை ஊர் ஒவ்வொன்றிலும் கட்டுத்துணியும் முதலுதவி மருந்தும் தூக்குப் படுக்கையும், அவற்றைக் கையாளத் தெரிந்த நால்வரும் முன்பே இருந்தால், பாலம் வரும்வரை அவ்வூர் தாக்குப்பிடிக்கும்.

கட்டடத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். 2001 சனவரி 26 குடியரசு நாள் காலையில் குசராத்தின் கச்சுப் பகுதியில் நிலம் நடுங்கியபோது, புஜ் நகரத்து அரசு மருத்துவமனை இடிந்து விழுந்தது. காயமுற்றோர் எங்கே செல்ல வேண்டுமோ அவ்விடமே கல்லறையாயிற்று. மருத்துவர்கள் திறந்த வெளியில் சிகிச்சை செய்தனர். பின்னர் அதே நகரில் எழுந்த புதிய மருத்துவமனையின் அடித்தளத்தில், ஈயத்தை நடுவில் வைத்து ரப்பரும் எஃகுத் தகடும் மாறி மாறி அடுக்கிய தாங்கிகளைப் பொருத்தினார்கள். தரை ஆடும், தாங்கி நெளியும், மேலுள்ள கட்டடம் மெல்ல மட்டுமே அசையும். இந்தியாவில் மருத்துவமனை ஒன்றுக்கு இம்முறை கையாளப்பட்டது அதுவே முதல் முறை. இதை இங்குச் சொல்வதற்குக் காரணம், நம்மிடையே பொறியியல் கல்லூரியில் பயிலும் மாணவர்கள் இருக்கிறார்கள். வேலை கிடைத்தபின் நாம் பிறந்த காலனிக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் கட்டும் பொறுப்பு அவர்களில் ஒருவருக்கு வரலாம். அதை எந்த மேட்டில் கட்டுவது, நீர் எந்தப் பக்கம் வடியும் என்று அப்போது அவர்தாம் சொல்ல வேண்டும்.

இனி, 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் நேர்ந்தது. அடையாற்று வெள்ளம் புகுந்த பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றில் மின்சாரம் நின்று, ஜெனரேட்டரும் நீரில் மூழ்கியது. அந்நாட்களில் அங்கு 18 நோயாளிகள் இறந்தனர் என்ற செய்தி நாட்டையே உலுக்கிற்று. மின்தடையே காரணமா, நோயின் கடுமையா என்பது பற்றி வாதங்கள் எழுந்தன. அவ்வழக்கிற்குள் நாம் புக வேண்டியதில்லை. நமக்கு வேண்டிய பாடம் எளியது: பல கோடி மதிப்புள்ள கருவிகள் மேல்மாடியில் இருந்தாலும், அவற்றுக்கு உயிரூட்டும் எந்திரம் கீழ்த்தளத்தில் இருந்தால் முழங்கால் அளவு நீர் போதும். ஆண்டுக்கு ஒரு முறை வரும் வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறும் என்பது மருத்துவமனைக்குப் பொறியாளர் வந்துதான் தெரிய வேண்டும் என்பதில்லை. பக்கத்துக் குடிசையில் வாழும் கிழவியைக் கேட்டால் சுவரில் கோடு காட்டுவாள்.

வெள்ளம் கடற்கரை ஊர்களின் கவலை, மேட்டு நிலமான நம் மாவட்டத்துக்கு வறட்சிதான் பகை என்று நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். 2024-இல் ஃபெஞ்சல் புயல் அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த புயல், உள்நாட்டுக்குள் நகர்ந்து வந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33 சென்டிமீட்டர் மழையைக் கொட்டிற்று. ஊத்தங்கரையில் சாலையோரம் நின்ற ஊர்திகள் காகிதக் கப்பல்போல் இழுத்துச் செல்லப்பட்டதைக் கண்டோம். ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் பெய்தால், எந்த ஓடைக்கு எந்தப் பாலம் போதும்?

மின்சாரம் நின்றால் கெட்டுப்போகும் பொருள்களில் பலர் கவனிக்காதது தடுப்பூசி மருந்து. அதனை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்துக் காத்தல் வேண்டும். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இதற்கென உள்ள குளிர்ப்பெட்டியின் சுவர்களில் பனிக்கட்டி உறைந்திருக்கும். மூடியைத் திறக்காமல் விட்டால் மின்சாரமின்றியும் பல மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். மின்தடையின்போது ஆர்வத்தால் அடிக்கடி திறந்து பார்ப்பதே கெடுதல். மற்றொரு தவறும் உண்டு. குளிர்ச்சி போதவில்லையென்று மருந்துப் புட்டிகளை நேரே பனிக்கட்டி மேல் வைத்துவிடுகிறார்கள். வெப்பத்தால் மட்டுமே மருந்து கெடும் என்று நினைப்பது பிழை. முத்தடுப்பு மருந்தும் மஞ்சள் காமாலைத் தடுப்பு மருந்தும் உறைந்தாலும் பயனற்றுப் போகும். புட்டியின் மேல் ஒரு சிறு வட்டமும் அதனுள் சதுரமும் அச்சிட்டிருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருக்கும்வரை மருந்தைப் பயன்படுத்தலாம். இரண்டும் ஒரே நிறமானாலோ, சதுரம் மேலும் கறுத்தாலோ தள்ளிவிட வேண்டும். இதைப் படிக்கத் தெரிந்த தாய், தன் பிள்ளைக்கு ஊசி போடும் முன் புட்டியைக் காட்டும்படி மரியாதையுடன் கேட்கலாம். நம் கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் அதற்குச் சினம் கொள்ள மாட்டார்கள்.

பிளீச்சிங் பவுடரும் அவ்வாறே. நல்ல பவுடர் 2.5 கிராம் ஆயிரம் லிட்டர் தெளிந்த நீரைத் தூய்மையாக்கும். கலந்தபின் ஒரு மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். ஆனால் ஓதம் ஏறிய மூட்டையில் உள்ளது வீரியம் இழந்து வெறும் சுண்ணாம்புக்குச் சமமாகிவிடும். வெள்ளத்திற்குப் பின் காலராவும் வயிற்றுப்போக்கும் பரவும் வேளையில், கைக்குக் கிடைத்தது இத்தகைய மூட்டையானால் என் செய்வது? தரையில் கிடக்கும் மூட்டையைப் பலகை மேல் ஏற்றி வைக்க அரசாணை எதற்கு?

தீயைப் பற்றியும் ஒரு சொல். 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தபோது ஆறு பேர் மாண்டனர். மின்தூக்கிக்குள் புகையில் சிக்கியவர்கள் அவர்கள். உறவினரைப் பார்க்க எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் மாடிப்படி எங்கே என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தீயின்போது மின்தூக்கியில் ஏறாதீர்கள்.

அடுத்துச் சொல்ல இருப்பது மற்ற மேடைகளில் பேசப்படாதது. இடர் வந்தபின் மருத்துவமனையை மீண்டும் மருத்துவமனையாக ஆக்குபவர் யார்? 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் சடலங்களை அகற்ற மற்ற நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். 2015-இல் சென்னையின் சேற்றை அள்ளவும் பல மாவட்டங்களிலிருந்து ஆட்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். கையுறையின்றி அள்ளியவர்களின் படங்கள் நாளேடுகளில் வந்தன. அவர்களுள் பெரும்பாலோர் எச்சமூகத்தவர் என்பதை இவ்வவையில் எடுத்துரைக்கத் தேவையில்லை. மருத்துவமனைப் பாதுகாப்புத் திட்டம் என்று ஏடு எழுதுவோர் எந்திரத்துக்கும் கட்டிலுக்கும் கணக்கு வைக்கிறார்கள். சேற்றில் இறங்குபவரின் காலணிக்கு அதில் ஒரு வரி உண்டா என்று கேட்பது நம் உரிமை. தேங்கிய நீரில் வேலை செய்வோருக்கு எலிக்காய்ச்சல் வருகிறது. அதைத் தடுக்க மருத்துவர் அறிவுரைப்படி உண்ண டாக்சிசைக்ளின் மாத்திரை இருக்கிறது. முழங்கால் வரையிலான காலணி இருக்கிறது. இசிவு நோய்த் தடுப்பூசி இருக்கிறது. இவற்றைக் கொடுக்காமல் வேலையில் இறக்குவது மருத்துவத்துறைக்கே இழுக்கு. நம் வீட்டுப் பிள்ளைகள் அப்பணியில் இருந்தால், காலணி வந்தபின்பே இறங்குவேன் என்று சொல்லும் துணிவை நாம் அவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும்.

இயற்கை மட்டுமே இடர் விளைப்பதில்லை. 2012 நவம்பர் 7 அன்று இதே மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250-க்கு மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டதை நாம் மறக்க இயலாது. வீட்டோடு பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிந்தன. ஓட்டையும் கூரையையும் மறுபடி போட்டுவிடலாம். காசநோய்க்கு எத்தனை மாதம் மாத்திரை உண்டார், கருவுற்ற பெண்ணின் இரத்த வகை என்ன, பாட்டிக்குச் சர்க்கரை நோய்க்கு எந்த மருந்து என்பன எழுதிய சீட்டு எரிந்துபோனால், மறுநாள் எந்த முகாமுக்குச் சென்றாலும் நோயாளி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு குடும்பத்தின் மருத்துவச் சீட்டுகளுக்கும் படி எடுத்து, நீர் புகாத உறையிலிட்டு, கழக நூலகத்தின் இரும்புப் பெட்டியில் வைப்பது என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. தர விருப்பமுள்ளவர் மட்டும் தரலாம். பிறர் நோயை ஒருவர் படிக்கலாகாது என்பதால் உறைக்கு முத்திரை உண்டு. சாவி இரு பெண் உறுப்பினர்களிடம் இருக்கும்.

மருத்துவம் நமக்குப் புறம்பான கல்வி என்று எவரேனும் நினைத்தால், அயோத்திதாசப் பண்டிதரை நினைவுகொள்க. 1907-இல் தமிழன் இதழைத் தொடங்கிய அப்பெருமகனார் சித்த மருத்துவர். அறிவை ஏட்டில் எழுதிய அதே கை நாடியும் பார்த்தது. இவ்விருபத்தைந்து ஆண்டுகளில் நம் கழகத்தின் உதவியால் படித்தவர்களில் செவிலியர் இருக்கிறார்கள், மருந்தாளுநர் இருக்கிறார்கள், ஆய்வகப் பணியாளர் இருக்கிறார்கள். இதுகாறும் அவர்களை விழா மேடையில் அமர்த்திப் பொன்னாடை போர்த்தினோம். இனி அவர்கள் ஆண்டுக்கு இரு நாள் நமக்குத் தரட்டும் என்று வேண்டிக்கொள்கிறோம்.

நாளைய நிகழ்ச்சியைச் சொல்லி முடிக்கிறோம். காலை ஏழு மணிக்கு வண்டி புறப்படும். ஆனால் அதில் மூட்டைகளும் முதியோரும் மட்டுமே செல்வர். மற்றவர்கள் நடந்து இறங்குவோம். ஒவ்வொரு வளைவிலும் நின்று, எங்கே மண் இளகியிருக்கிறது, எந்த மரம் சாய்ந்திருக்கிறது, எந்தச் சிறுபாலத்தின் கண் அடைபட்டிருக்கிறது, எங்கே தொலைபேசி எடுக்கவில்லை என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து பேருக்கு ஒரு குறிப்பேடு தரப்படும். அப்பட்டியலை ஐப்பசி மழைக்கு முன் மாவட்ட ஆட்சியரிடமும் நெடுஞ்சாலைத் துறையிடமும் சுகாதாரத் துறையிடமும் மலை ஊர்ப் பெரியவர்களும் நாமும் ஒன்றாகச் சென்று கொடுப்போம். அதற்கு முன், ஆறு மணிக்கே எழுந்து வருவோருக்குத் தூளி கட்டக் கற்றுக்கொடுப்பதாக அன்றிரவு முடிச்சுப் போட்ட பெரியவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். மூங்கிலும் கம்பளியும் பள்ளித் திண்ணையில் இருக்கின்றன. கம்பளியை நனைத்தே வைக்கும்படி சொல்லியிருக்கிறார்.